மேட்ச் என்பது கயிறாக இருந்த காலம்

சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் ‘மேட்ச் ஒர்க்ஸ்’ என்ற பெயர்ப்பலகைகளைக் கண்டு பழகியவர்களுக்கு மேட்ச் என்றால் தீக்குச்சிதான். ஆனால் உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1827-இல் விற்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைக்க உதவிய, மெல்லக் கனலும் கயிற்றுக்கு அந்தப் பெயர் வழங்கியது. விளக்குத்திரியைக் குறிக்கும் ‘மெஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழிலும் விளக்கில் இடுவது, பட்டாசில் செருகுவது இரண்டுமே திரிதான். முறுக்குதல் என்ற பொருளுடைய வினையோடு உறவுள்ள இச்சொல்லைவிட அந்தக் கயிற்றுக்குப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றே கருதுகிறேன்.

சாதாரணக் கயிற்றைப் பற்றவைத்தால், சூட்டில் நார் சிதைந்து வெளிவிடும் வாயுக்கள் சுடராக எரியும். அல்லது தீ விரைவில் அணைந்துவிடும். கயிற்றை வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்தினால் நிலைமை மாறுகிறது. பொட்டாசியம் இருக்கும்போது நாரிலிருந்து எரியும் வாயு குறைவாகவும் கரி மிகுதியாகவும் உண்டாகிறது. அந்தக் கரியின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நேரடியாகச் சேர்ந்து சுடரின்றிக் கனல்கிறது. சூடேறிய நைட்ரேட்டும் தன் பங்குக்கு ஆக்சிஜனைத் தருகிறது. கனலின் வெப்பம் அடுத்துள்ள நாரைக் கரியாக்க, நெருப்பு அங்கே நகர்கிறது. மரச்சாம்பல் கரைசலில் ஊறிய திரிகளும் நன்றாகவே கனன்றன என்பது கவனிக்கத்தக்கது: சாம்பலில் நைட்ரேட் இல்லை, பொட்டாசியம் உண்டு.

இத்தகைய திரி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அடி எரியும். ஒரு முனை அணைந்தால் மற்றதிலிருந்து மீண்டும் பற்றவைக்கலாம் என்பதற்காக வீரர்கள் இரு முனைகளையும் கனலவிட்டனர்; மழை அதை அணைத்துவிடும், இருளில் அதன் செம்புள்ளி வீரர் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1543-இல் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானின் தனெகாஷிமா தீவை அடைந்த, இத்திரியால் சுடும் துப்பாக்கியை ஜப்பானியர் திரியின் பெயராலேயே அழைத்தனர்: ‘ஹினாவா’ என்றால் நெருப்புக் கயிறு.

சுரங்கத்தில் பாறை உடைப்பதற்கு வேறு வகைத் திரி தேவைப்பட்டது. வைக்கோல் குழலிலும் இறகுத் தண்டிலும் கருமருந்தை, அதாவது வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்தை, அடைத்துப் பற்றவைத்தபோது அது எரியும் வேகம் சீராக இல்லாமல் பலர் மாண்டனர். அதற்குத் தீர்வாக, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்த வில்லியம் பிக்ஃபோர்டு 1831-இல் காப்புரிமை பெற்ற திரியில், கருமருந்தைச் சுற்றி நூல் முறுக்கி நீர்க்காப்பு பூசியிருந்தார். ஓர் அடி எரிய அதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். ஆக்சிஜனைக் கருமருந்தே தருவதால் வெளிக்காற்றும் வேண்டியதில்லை. கயிறு திரிக்கும் நண்பர் ஒருவரின் பட்டறையில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிக்ஃபோர்டுக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பார்கள்.