நாற்பத்தோராம் நாள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஒரு சமையல்காரர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைத்தார், எத்தனை மணிக்கு அணைத்தார் என்று எட்டு மாதமாக ஒரு பாக்கெட் டைரியில் குறித்து வைத்திருந்தார். பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. இப்படி ஆதாரம் வைத்திருப்பவரை நான் பார்த்து வருடக்கணக்காகிறது. ஆனால் முதலாளி அவரை வெளியே அனுப்பி 41 நாள் ஆகிவிட்டது.

அநியாயப் பணிநீக்கம் என்று சிசிஎம்ஏ-வில் (தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் இந்த நாட்டு ஆணையம்) புகார் கொடுக்க 30 நாள்தான் கெடு. இந்த வருடம் கெடு தாண்டி வந்தவர்களில் இவர் நான்காவது.

ஐந்து பேராகத் தொடங்கிய எங்கள் உதவிக் குழுவில் இப்போது முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், இலங்கைத் தமிழர்கள், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் காங்கோ நாட்டுப் பெண்கள்கூட. சந்தோஷம்தான். ஆனால் குழு பெருகப் பெருக அறிவுரையும் பெருகுகிறது. "விசா முடிந்தவனுக்கு ஏது உரிமை? பேசாமல் இரு, நாங்கள் முதலாளியிடம் தன்மையாகப் பேசுகிறோம்." பேசிப் பேசியே நாள் போனது.

தயவுசெய்து கேளுங்கள். 2008-ல் இந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. வேலை பெர்மிட் காலாவதியான ஓர் அர்ஜென்டினாக்காரரின் வழக்கு. பெர்மிட் இல்லாவிட்டாலும் அவர் தொழிலாளிதான், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்றது தீர்ப்பு. பெர்மிட் இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் குற்றவாளி முதலாளி. அவரே "உனக்குத்தான் பெர்மிட் இல்லையே" என்று மிரட்டினால், அது தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வது. இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒன்று மட்டும்: புகார் கொடுத்தால் விசா கிடைக்காது. அதற்குக் குடிவரவு வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள்.

"கப்பலில் வந்த நம் முன்னோர் முறையிட்டார்களா?" என்று ஓர் அங்கிள் கேட்டார். முறையிட்டார்கள், அங்கிள். 1860-ல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இந்த நேட்டால் பகுதிக்கு முதன்முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய கதைதானே. ஒப்பந்தம் முடிந்து 1871-ல் சென்னை திரும்பியவர்கள் வாய் திறந்ததால்தான் 1872-ல் நேட்டாலில் விசாரணைக் குழு உட்கார்ந்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். வேலை போன தேதியை அன்றைக்கே எழுதிவையுங்கள். சிசிஎம்ஏ-வில் புகார் கொடுக்கும் 7.11 படிவம் இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதிலேயே கேட்கலாம். நகலை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள் (பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்). தன்மையாகப் பேசுவதாக இருந்தால் புகார் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, முதலாளி பூட்டி வைக்க அவருடையது அல்ல. அப்புறம், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸாப்பில் போடுகிறவர்களே, முந்நூறு பேர் பார்க்கிறார்கள். உடனே அழியுங்கள்.

சமையல்காரருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி, அதைப் பொறுத்துக்கொள்ளும்படி மனுப் போடலாம். "ஏன் தாமதம்?" என்ற இடத்துக்கு வந்ததும் அவர் தயங்கினார்.

"தெரியாமல் இருந்துட்டேன்னு எழுதிக்கலாமா அக்கா? அங்கிள் நல்லதுக்குத்தான் சொன்னார். அவரை மாட்டிவிட வேண்டாம்."

பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுத மாட்டேன் என்றேன். அவர் டைரியை மூடிவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்று சாயங்காலம் அந்த அங்கிளே மண்டபத்துக்கு வந்து, "நான்தான் காத்திருக்கச் சொன்னேன் என்று எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.