"இன்னும் லேசா டைபாய்டு இருக்கு"

இப்படிச் சொல்லிக்கொண்டு என் லேபுக்கு வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பிளாஸ்டிக் கவரில் ஆறு வைடால் (டைபாய்டுக்கு எடுக்கும் ஒரு ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட். காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகிறது, வேலைக்கும் போகிறார். ஆனால் இன்றுவரை இட்லியும் ரசம் சாதமும்தான். ஆன்டிபயாடிக் மட்டும் மூன்று கோர்ஸ். "1:160-லயே நிக்குது டாக்டர், இன்னும் லேசா டைபாய்டு இருக்காம்" என்று ஏழாவது டெஸ்ட்டுக்குக் கை நீட்டுகிறார்.

லேசான டைபாய்டு என்று ரிப்போர்ட்டில் எதுவும் கிடையாது. 1:160 என்பது கிருமிகளின் எண்ணிக்கை அல்ல. உங்கள் சீரத்தை (ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிந்த நீர்) 160 மடங்கு நீர்க்க வைத்த பிறகும், டெஸ்ட் கிட்டில் வரும் செத்த கிருமிகளைத் திரள வைக்கும் அளவுக்கு அதில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கிருமியும் எங்கள் பாட்டிலில் இருந்து வந்தது. உங்கள் ரத்தத்தில் கிருமியை யாரும் தேடவே இல்லை! நோய் போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இருக்கும். முன்பு எப்போதோ வந்துபோன தொற்று, தடுப்பூசி, சில சமயம் மலேரியா, எதனாலும் அது ஏறியிருக்கலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்த டெஸ்ட் எடுப்பது வீண்.

1896-இல் வந்த சோதனை இது. ஒழுங்காகச் செய்வதென்றால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்க வேண்டும். அதற்கு யார் காத்திருக்கிறார்கள்? காய்ச்சல் வந்த மறுநாளே ஒரு துளியை ஸ்லைடில் வைத்துப் பார்த்துவிட்டு ஊசி.

டைபாய்டு என்று சந்தேகமிருந்தால் பிளட் கல்ச்சர் கேளுங்கள், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியையே லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். முதல் மாத்திரைக்கு முன்னால். மருந்து ஆரம்பித்துவிட்டு வந்தால் நான் என்ன வளர்ப்பது? பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். "இவ்வளவு ரத்தமா?" என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரு மில்லியில் ஒரு கிருமி கிடைத்தாலே பெரிது. (வார்டு நண்பர்களே, கெட்டுப்போகும் என்று கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.) கல்ச்சரும் எல்லாரையும் பிடித்துவிடாது, பாதிக்குப் பாதி நழுவும். ஆனால் வளர்ந்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இங்கே பெரும்பாலும் எடுபடுவதில்லை.

எனக்குக் கோபம் வருவது வீணாகும் காசுக்காக மட்டுமல்ல. போன மழைக்காலத்தில் ஒரு அம்மா "டைபாய்டு" என்று ஒரு வாரம் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டுக்கொண்டு, மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்தார். இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் புண். ஸ்க்ரப் டைபஸ், சிறு பூச்சி கடித்து வரும் வேறொரு காய்ச்சல். அதற்கு அந்த ஊசி கேட்காது, டாக்சிசைக்ளின் வேண்டும். வைடால் பாசிட்டிவ் வந்ததும் புடவையை விலக்கிப் பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் தொடங்கிய தேதியைத் தயவுசெய்து எழுதி வையுங்கள். டெங்கு என்றால் முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட்), அதன் பிறகு ஐஜிஎம் (எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட்). நாள் தெரியாமல் எடுத்தால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

ஏழாவது வைடால் எடுக்க மாட்டேன் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தெருமுனையில் இன்னொரு லேப் இருப்பது எனக்கும் தெரியும்.