கதவும் நிலையும் எரிந்த வீட்டுக்கு நிவாரணம் கேட்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீடு தீப்பிடித்தால் அரசு நிவாரணம் உண்டு. இதில் யாருடைய தயவும் இல்லை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் புயல், வெள்ளத்தோடு தீயும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் நான் பார்த்த வீட்டுத் தீயில் பெரும்பாலும் சுவர் அப்படியே நிற்கும், போவது கதவும் நிலையும் ஜன்னலும் ஓட்டுக்கூரையின் கழிக்கோலும்தான். அலுவலர் வருவார், வாசலில் நின்றபடியே பார்ப்பார், "வீடு நிக்குதுல்லா அம்மா, பின்ன என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு கேள்வியோடு கைவிடப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிப்படி, முழுவதும் அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. பகுதி சேதம் என்றால் பக்கா வீட்டுக்கு, அதாவது செங்கல், சிமென்ட் மாதிரி உறுதியான வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு, அதாவது மண்சுவர் மாதிரி உறுதி குறைந்த வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. பகுதி சேதத்துக்குக் குறைந்தது 15 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். கையோடு கிடைக்கும் அரிசி, வேட்டி, சேலையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தத் தொகைகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். மண்சுவரும் ஓடும் போட்ட வீடு முழுதாகப் போயிருக்கும், அதைக் 'குடிசை' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் 1,20,000 எங்கே, 8,000 எங்கே. விதியில் குடிசை என்றால் ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஒப்பேற்றிய, கச்சா வீட்டுக்கும் கீழான தற்காலிகக் கூரை. அலுவலர் எழுதும்போதே பக்கத்தில் நின்று என்ன வகை என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். பிறகு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து மாற்றுவதைவிட அது எளிது.

அடுத்து அந்த 15 சதவீதம். கதவு எந்தப் பொருளால் ஆனது என்பது இங்கேதான் உங்களைக் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும். ஏனென்றால் பார்க்க வருகிறவர் கண்ணால் மட்டும் பார்க்கிறார், ஒவ்வொரு கதவும் தீயில் ஒவ்வொரு விதமாகக் கெடும்.

தேக்கு, பிலா, அயனி மாதிரிக் கெட்டி மரம் மேலிருந்து மெதுவாகக் கரியாகும், நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்கு மறைப்பாகி வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் பழைய கனமான கதவு கறுத்துப்போயும் நிற்கிறது, "சுரண்டிப் பெயின்ட் அடிச்சாப் போதும்" என்ற பேச்சும் வருகிறது. கதவின் நடுப்பலகை ஓரங்களைவிட மெல்லியது, முதலில் ஓட்டையாவது அதுதான். ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து உளியால் கரியைச் சுரண்டச் சொல்லுங்கள், நல்ல மரம் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். நிலையின் மேல்கட்டையைக் கண்டிப்பாக எடுங்கள். வெப்பம் கூரைக்கடியில்தான் குவியும், கீழே லேசாகக் கறுத்த நிலை மேலே பாதி தின்னப்பட்டிருக்கும். நிலைக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான லிண்டலில் விரிசலோ, பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால் அது கதவுக் கணக்கு இல்லை, கட்டடச் சேதம். பொறியாளர் பார்க்க வேண்டும் என்று நிவாரண மனுவிலேயே எழுதுங்கள்.

இரும்புக் கதவு எரியாது. அதனாலேயே சேதப் பட்டியலில் விட்டுப்போகும். அறைத் தீயில் கூரைக்கடியில் 600 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அந்தச் சூட்டில் இரும்பின் பலம் பாதிக்கு வந்துவிடும். தகடு நெளியும், நிலையில் இறுகும், பூட்டு விழாது. பல ரெடிமேட் இரும்புக் கதவுகளுக்குள் இருப்பது தேன்கூடு போன்ற காகித அட்டை, அது உள்ளுக்குள்ளேயே கருகிக் கிடக்கும். கதவைத் திறந்து மூடிக் காட்டுங்கள். முடியவில்லை என்றால் அதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பிவிசி கதவு 80 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், புகையில் அமிலவாடை அடிக்கும். டபிள்யூபிசி என்று விற்பதில் பெரும்பாலும் பிவிசியோடு மரத்தூள்தான். ஃபைபர் கதவு கரும்புகையோடு எரியும். உள்ளே வெற்றிடம் விட்ட ஃபிளஷ் கதவு சில நிமிடங்களில் போய்விடும். இவற்றைப் பார்த்ததும் "பிளாஸ்டிக் கதவு, சின்னச் சூட்டுக்கே உருகியிருக்கும்" என்று தீயையே சின்னதாக்கிவிடுவார்கள். அதே அறையில் வேறு என்ன எரிந்தது, சுவர்ப்பூச்சு எங்கே உதிர்ந்தது என்பதையும் சேர்த்துக் காட்டினால்தான் நிற்கும். எந்தக் கதவாக இருந்தாலும் அலுவலர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை எரிந்ததைத் தூக்கிப்போடாதீர்கள், சுவரைக் கழுவாதீர்கள்.

பழைய வீடுகளில் அடுக்களை தனியாக, பின்னால் இருக்கும். ரப்பர் பாலை உறையவைத்து எடுத்த ஷீட்டை அடுப்புக்கு மேலே காயப்போட்டு அங்கிருந்துதான் பல தீ கிளம்புகிறது. அறிக்கையில் "ரப்பர் ஷெட் எரிந்தது" என்று மட்டும் எழுதிவிட்டால் வீட்டுக் கணக்கே கிடையாது. அடுக்களை வீட்டின் பகுதி, சமையல் அங்கேதான் நடக்கிறது, வீட்டு வரி சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

அலைச்சல் எங்கே தொடங்குகிறது என்றால், தீயணைப்பு அறிக்கையில். நம்மூரில் வண்டி வருமுன்னே அக்கம்பக்கத்தார் கிணற்றுத் தண்ணீரை இறைத்து அணைத்துவிடுவார்கள், குறுகலான ஊடுவழியில் வண்டி நுழையவும் செய்யாது. நல்ல காரியம்தான். ஆனால் 101க்குக் கூப்பிடவில்லை என்றால் நிலையத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலர் ஃபயர் சர்வீஸ் அறிக்கை கேட்பார், ஃபயர் சர்வீஸ் நாங்கள் வரவே இல்லையே என்பார்கள், காவல் நிலையத்தில் அது எங்கள் வேலை இல்லை என்பார்கள். மூன்று வாசலிலும் நிற்பது எல்லாம் இழந்த குடும்பம். அணைந்துவிட்டாலும் கூப்பிடுங்கள். நிலைக்கட்டைக்குள் கனல் கிடந்து மறுபடி பற்றும், அதற்காகவும் கூப்பிட வேண்டும். தீ அணைக்க வருவதற்குக் காசு கிடையாது.

இன்னொரு சிக்கல், வீடு 'அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம்' என்று சான்று வேண்டும் என்ற நிபந்தனை. தாத்தா பெயரில் பட்டா, பேரன் குடியிருப்பு என்பது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. பட்டா மாற்றிவிட்டு வா என்று அனுப்பினால் அதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், குடும்ப அட்டை நகல்களோடு மனுவை முதலில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

வீட்டுக்கடன் இருந்தால் வங்கிக்குப் போய் பாலிசி நகல் கேளுங்கள். கடனோடு தீக்காப்பீடும் பிடித்திருப்பார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி என்றால், கதவும் நிலையும் கட்டடத்தோடு பொருத்தப்பட்டவை, கட்டடக் காப்பீட்டில்தான் வரும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே உண்டு. நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை.

தீ நடந்த வீட்டைத் தேடிக் கதவு விற்க வருகிறவர்களும் உண்டு. "தீப்பிடிக்காத கதவு, இனிமேல் இதுதான் ரூல்" என்பார்கள். சாதாரணத் தனி வீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. உண்மையான ஃபயர் டோருக்கு, அதாவது தீத்தடுப்புக் கதவுக்கு, ஐஎஸ் 3614 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் ஒரே தொகுப்பாக உலையில் சோதித்த சான்றிதழ் இருக்கும். அதைக் காட்டாவிட்டால் அது வெறும் இரும்புக் கதவு. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, இருக்கிற படுக்கையறைக் கதவை ராத்திரி சாத்திப் படுங்கள், சாத்தின கதவு புகையை நிறுத்தித் தப்பிக்க நேரம் தரும். முன்வாசல் கிரில் பூட்டின் சாவியை உள்ளேயே கைக்கெட்டும் ஆணியில் மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் வரவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு ஒன்று. என் வீட்டை எந்த வகையில் பதிவு செய்தீர்கள், சேதம் எத்தனை சதவீதம் என்று போட்டீர்கள், அதை அளந்தது யார், அறிக்கையின் நகல் தருக. இவ்வளவுதான் கேட்க வேண்டியது. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.