சப்போர்ட்: ஆதரவா, தாங்குதலா?

தம்பி முறையாகும் ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, என் போன்ல லினக்ஸ் சப்போர்ட் ஆகுமா?" ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க அவனுக்கு ஆசை. லினக்ஸ் ஓடும் போன்களின் பட்டியலில் அந்த மாடலின் பெயரைப் பார்த்த ஞாபகம் இருந்தது. "ஆகும்டா" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி அழைத்தான், மனைவியின் போனிலிருந்து. அவன் போனில் திரை வருகிறதாம், தொட்டால் நகர்கிறதாம், வைஃபையும் பிடிக்கிறதாம். யாரோடும் பேசத்தான் முடியவில்லை. "ஆகும்னுதானே சொன்னீங்க?"

நான் பொய் சொல்லவில்லை, அவனும் தப்பாகக் கேட்கவில்லை. 'சப்போர்ட்' என்ற சொல்லில்தான் இருவரும் வழுக்கினோம். அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

வேர் லத்தீன். 'சுப்' என்றால் கீழிருந்து, 'போர்த்தாரே' என்றால் சுமப்பது. இரண்டும் சேர்ந்து, அடியில் நின்று சுமப்பது என்று பொருள். ரயில் நிலையத்துப் போர்ட்டரும், டிரான்ஸ்போர்ட்டும், இம்போர்ட்டும் இதே 'போர்த்தாரே'யின் பிள்ளைகள்தான். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. பிரெஞ்சில் இன்றும் இந்த வினைக்குப் பொறுத்துக்கொள்வது என்ற பொருள் உண்டு. ஒருவரைச் சகிக்க முடியவில்லை என்பதற்கு இதைத்தான் சொல்கிறார்கள். சுமப்பதும் சகிப்பதும் ஒரே சொல்லில். நமக்கு இது புதிதில்லை. தூண் கூரையைத் தாங்குகிறது, வலி தாங்க முடியவில்லை.

தமிழில் நாம் கொண்டுவந்து வைத்திருக்கும் இணைச்சொல் 'ஆதரவு'. வன்பொருள் ஆதரவு, மொழி ஆதரவு, ஆதரவு மையம் என்று எல்லா இடத்திலும் அதுதான். வடமொழி 'ஆதர'த்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு மதிப்பு, பரிவு என்று பொருள். நம் ஊரில் கட்சிக்கு ஆதரவு திரட்டுகிறோம், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்துகிறோம். ஆக, ஆதரவு மனம் சம்பந்தப்பட்டது. ஒருவர் நம் பக்கம் இருக்கிறார் என்பதைச் சொல்லும். எவ்வளவு எடையைச் சுமக்கிறார் என்பதைச் சொல்லாது. கம்பெனி இத்தனை வருடம் அப்டேட் தரும், பழுது பார்க்கும் என்கிற 'சப்போர்ட்'டுக்கு ஆதரவு கச்சிதமாகப் பொருந்துகிறது. கேமராவுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நடப்பதற்குத்தான் பொருந்தவில்லை. அங்கே பரிவுக்கு இடமில்லை.

அங்கே பொருந்தும் சொல் 'தாங்கு'. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். பிள்ளை பெறுமுன் இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவி கேட்காமல் சுமையை அதில் மாற்றிவைத்து இளைப்பாறலாம். லத்தீன்காரன் சொன்ன 'அடியில் நின்று சுமப்பது' கல்லாகவே நிற்கிறது. நீரைத் தாங்கி வைத்திருக்கும் சிறிய ஏரிக்கும் செங்கல்பட்டுப் பக்கம் 'தாங்கல்' என்றுதான் பெயர்; வேடந்தாங்கலின் கடைசிப் பாதி அதுதான்.

சரி, போனுக்கு வருவோம். அதில் யார் யாரைத் தாங்குகிறார்கள்?

போனின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சிறு நிரல் வேண்டும். அதுதான் டிரைவர், தமிழில் இயக்கி. தெற்கே இசக்கியம்மன் என்று கும்பிடும் தெய்வத்தின் பழைய பெயரும் இயக்கிதான். இயக்கி இல்லாத கேமராவின் முன்னால் கும்பிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதால் பெயர்ப்பொருத்தம் மோசமில்லை. இந்த இயக்கிகள் பெரும்பாலும் குடியிருக்கும் இடம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தமிழில் கருனி என்கிறோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது அதைத்தான்.

"ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருனிதானே, அப்புறம் என்ன சிக்கல்?" என்று இந்த இடத்தில் எல்லாரும் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கடையில் வாங்கும் போனில் ஓடுவது, சில்லு செய்தவரும் போன் செய்தவரும் தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டிய கருனி. கேமரா, மோடம் (மொபைல் கோபுரத்தோடு பேசும் உறுப்பு) போன்றவற்றுக்கான பாதி வேலை மூடிய கோப்புகளுக்குள் இருக்கும். அந்த மாற்றங்களில் பலவும் எல்லாருக்கும் பொதுவான மூல லினக்ஸ் கருனிக்கு, அதாவது பொதுக் கருனிக்கு, திரும்பி வருவதே இல்லை.

அதனால் லினக்ஸ் போன்கள் இரண்டு விதமாகத் தாங்கிக்கொள்கின்றன. ஒன்று, கடன் வாங்கிய தோள். கனோனிகல் நிறுவனம் 2013இல் அறிவித்து 2017இல் கைவிட்ட, போனுக்கான லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு டச்சை யூபிபோர்ட்ஸ் என்ற குழு எடுத்து வளர்த்துவருகிறது. ஆண்ட்ராய்டோடு வந்த போன்கள் பலவற்றில் அது ஆண்ட்ராய்டின் இயக்கிகளை அப்படியே அடியில் வைத்துக்கொண்டு மேலே தான் உட்கார்ந்துகொள்கிறது. இடையில் பாலம் போடுவது ஹாலியம் என்ற மென்பொருள். இப்படிச் செய்தால் கேமரா பெரும்பாலும் எடுக்கும், ஆனால் கருனி உற்பத்தியாளர் விட்டுப்போன பழைய பதிப்பிலேயே தேங்கும். இன்னொன்று, சொந்தத் தோள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் முடிந்தவரை பொதுக் கருனியையே பயன்படுத்தப் பார்க்கிறது. கருனி புதிதாகவே இருக்கும், ஆனால் கேமராவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இரண்டையும் நாம் ஒரே 'சப்போர்ட்' போட்டு மூடிவிடுகிறோம்.

சப்போர்ட் இல்லாத போனுக்கு ஒருவர் உட்கார்ந்து அதை உருவாக்கினால் அது 'போர்ட்'. அதுவும் அதே 'போர்த்தாரே'. இதற்கு மட்டும் தமிழில் தடுமாறவே வேண்டாம்: பெயர்ப்பு. மொழியைப் பெயர்ப்பதுபோல, நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல.

தம்பி செய்திருக்க வேண்டியது, நான் சொல்லியிருக்க வேண்டியது, உறுப்பு உறுப்பாகக் கேட்பது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கியில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பக்கம் உண்டு. திரை, தொடுதிரை, ஒலி, கேமரா, வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ், அழைப்பு, குறுஞ்செய்தி, மொபைல் டேட்டா, உணரிகள் என்று வரிசையாக, எது ஓடுகிறது, எது அரைகுறை, எது ஓடவில்லை என்று குறித்திருப்பார்கள். 'டெஸ்டிங்' வகையில் இருக்கும் கருவி பூட் ஆவதோடு, அதாவது ஆன் ஆகித் தொடங்குவதோடு, நின்றுவிடவும் கூடும். உபுண்டு டச்சும் கருவிக்குக் கருவி இப்படிப் பட்டியல் வைத்திருக்கிறது. இந்தப் பட்டியலில் நம் கண் முதலில் கேமராவுக்குப் போகும். போனைக் காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்க உதவும் அருகாமை உணரி இருக்கும் வரியை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. என் பழைய போன் ஒன்றில் அது வேலை செய்யாததால், பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மாமியார் கோபத்தில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மாடல் பெயரை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. 2018இல் இந்தியாவில் வெளியான போக்கோ எஃப்1 போனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அதற்குப் பெயர் பெரிலியம். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஆனால் சிலவற்றில் தியான்மா செய்த திரை, சிலவற்றில் இபிபிஜி திரை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நிறுவும்போது உங்களுடையது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மாடல், ஒரே விலை, இரண்டு திரை. ஒன்றுக்கானதை மற்றதில் போட்டுவிட்டுத் 'திரை சப்போர்ட் இல்லை' என்று சொன்னால் அது யார் தப்பு?

தம்பியின் சிக்கல் வேறு. அவனிடம் இருந்தது ஜியோ சிம். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியதிலிருந்தே ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அவனுடையது போன்ற 4ஜி போனில் பேச்சும் 4ஜிக்குள்தான், வோல்ட்டி (VoLTE, 4ஜி இணைப்பிலேயே பேச்சை அனுப்பும் முறை) வழியாகத்தான் போக வேண்டும். அவன் போட்ட லினக்ஸில் மோடத்துக்கு இயக்கி இருந்தது, டேட்டா ஓடியது, அழைப்பு என்ற வரியிலும் 'ஓடுகிறது' என்றே போட்டிருந்தது. அந்தக் குறியைப் போட்டவர் 2ஜி இன்னும் இருக்கும் ஊரில் உட்கார்ந்து சோதித்தவராக இருக்க வேண்டும். வோல்ட்டி உண்டா என்பது தனிக் கேள்வி, அதை நாங்கள் கேட்கவில்லை. 2ஜி இன்னும் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் சிம்மை மாற்றிப் போட்டதும் மணி அடித்தது.

லினக்ஸுக்காகவே செய்த பைன்போன் மாதிரியானவற்றில் இந்தத் தலைவலி குறைவு, முழுக்க இல்லை என்று சொல்லமாட்டேன். அதில் ஒரு நல்ல வசதி, மெமரி கார்டிலிருந்தே பூட் ஆகும். உள்ளே இருப்பதைத் தொடாமல் எது எதைத் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஆன் ஆனதும் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறந்தாக வேண்டும், பொதுவாக அந்தக் கணமே உள்ளிருப்பது எல்லாம் அழியும். திறக்கவே விடாத போன்களும் உண்டு.

சொல்லுக்கு என் தீர்ப்பு இதுதான். 'வன்பொருள் ஆதரவு' என்ற பெயர்ச்சொல் ஊன்றிவிட்டது, பிடுங்கப் போவதில்லை. வினையாக வரும்போது 'ஆதரிக்கும்' வேண்டாம். 'இந்தக் கருனி இந்தத் திரையைத் தாங்கும்' என்றே எழுதுகிறேன். 'சப்போர்ட் ஆகுமா' என்று யாராவது கேட்டால், 'எதைத் தாங்கணும்?' என்று திருப்பிக் கேட்கிறேன். தம்பி அடுத்து கேட்டது கேமராவைத் தாங்குமா என்று. பின் கேமரா தாங்கும், முன் கேமரா தாங்காது என்றேன்.