கூடையில் போட்ட சேலை மறுநாளும் இருப்பது எப்படி?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைக்கு வெப்சைட் இருக்கிறது. நாலு படம், முகவரி, போன் நம்பர், அவ்வளவுதான். அதிலேயே ஆன்லைன் விற்பனையும் வைத்துவிடலாம் என்கிறான் மகன். எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று வேறொரு கடையின் தளத்தில் ஒரு சேலையைக் கூடையில் போட்டேன். பேர் கொடுக்கவில்லை, லாகின் செய்யவில்லை. மூடிவிட்டு மறுநாள் போனால் சேலை அப்படியே கூடையில் கிடக்கிறது. வந்தது நான்தான் என்று அதற்கு எப்படித் தெரிந்தது?"

கடை வைக்கும் வேலையை மகனே பார்த்துக்கொள்வார். வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளம் என்றால், அதோடு கடையை ஒட்டவைக்கும் வூகாமர்ஸ் பிளக்இன்னைப் போட வேண்டும். சரக்கு, விலை, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் ஏற்ற வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயில் கணக்குத் திறக்க வேண்டும். கார்டு நம்பரை நீங்கள் தொடவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் கேட்ட விஷயத்தில்தான் எனக்கு ருசி.

வெப்சைட்டுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. பிரௌசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, தளம் குடியிருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் கொடுக்கிறது, கணக்கு முடிந்தது. அடுத்த நொடியே அதே பிரௌசர் இன்னொரு பக்கம் கேட்டாலும் இருவரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையைப் பொறுத்தவரை வந்திருப்பது புது ஆள். இணையத்தில் நமக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், மொபைல் நெட்வொர்க்கில் ஏகப்பட்ட பேர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டுதான் வெளியே வருகிறார்கள். அண்ணாநகரில் ஒருவர் எடுத்த சேலை ஆரப்பாளையத்துக்காரர் கூடையில் போய் விழும்.

இந்த மறதி வேண்டுமென்றே வைத்தது. 1989-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வேர்ல்ட் வைட் வெப் என்ற வலையை முன்மொழிந்தபோது தேவைப்பட்டது, இயற்பியலாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி. கட்டுரை படிக்க வருபவர் நேற்று என்ன படித்தார் என்று சர்வர் எதற்கு நினைவில் வைக்க வேண்டும்? எதையும் நினைவில் வைக்காததால் சர்வருக்குச் சுமை குறைவு. துகள் இயற்பியலுக்காக அரசாங்கங்கள் கொடுத்த பணத்தில் பிறந்த இந்தப் பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி என்றதும் "இதனால் நாளைக்கே என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள், அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்வதே அந்தப் பணத்தின் மேல் உட்கார்ந்துதான்.

கடை வைக்க இந்த மறதி உதவாது. 1994-இல் பிரௌசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் ஆன்லைன் கடைக்கு வழி கேட்டது. பாதியில் நிற்கிற கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி சொன்ன தீர்வுதான் குக்கி. இன்று விளம்பரக்காரர்கள் நம்மைத் துரத்தப் பயன்படுத்துவதால் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. பாவம், அது பிறந்தது ஒரு கூடைக்காக.

மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதேதான். அங்கிருப்பவர் உங்கள் முகத்தையும் பார்ப்பதில்லை, ஊரையும் கேட்பதில்லை. டோக்கனில் செருப்பின் நிறமோ அளவோ இருக்காது, எண் மட்டும்தான். திரும்பி வந்து நீட்டினால் அந்த எண்ணுள்ள தட்டிலிருந்து எடுத்துத் தருவார். இன்றைய கடைகள் பலவும் விவரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும்தான் கொடுக்கின்றன. நீங்கள் முதல் சேலையைக் கூடையில் போட்டதும் சர்வர் தன் தரவுத்தளத்தில் ஒரு தட்டு ஒதுக்கிச் சேலையை அதில் குறித்துவைக்கிறது. பதிலோடு "செட்-குக்கி" என்று ஒரு வரியில் எண்ணை அனுப்புகிறது. பிரௌசர் அதைப் பத்திரப்படுத்தி, அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கேட்காமலேயே நீட்டுகிறது. மறதி மறதியாகவே இருக்க, அதன் மேல் ஞாபகத்தை ஏற்றிவிட்டார்கள்! கம்ப்யூட்டரில் க்ரோமைத் திறந்து எஃப்12 தட்டி, 'அப்ளிகேஷன்' பகுதியில் 'குக்கீஸ்' என்பதைச் சொடுக்கினால் கண்ணாலேயே பார்க்கலாம். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரம். அதில் உங்கள் பேர் இல்லை, சேலையும் இல்லை.

கோயில் டோக்கனில் 411-க்கு அடுத்தது 412. கடை அப்படிக் கொடுத்தால் தொலைந்தது, 412 என்று மாற்றி எழுதி அடுத்தவர் கூடையைத் திறந்துவிடலாம். அதனால் எண்ணைக் குருட்டாம்போக்கில் பொறுக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற எந்திரத்துக்குக் குருட்டாம்போக்கு எப்படி வரும்? வெளியிலிருந்துதான். கீபோர்டு, டிஸ்க் போன்ற சாதனங்கள் பிராசஸரைக் கூப்பிடும் நேர இடைவெளிகளின் கடைசி இலக்கங்கள், பிராசஸரின் மின் இரைச்சல் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதவற்றை இயங்குதளம் ஓயாமல் சேகரித்துக் கலக்கி வைத்திருக்கிறது. அதிலிருந்து 128 பிட், அதாவது 128 பூஜ்ஜியம்-ஒன்றுகள், எடுத்தால் சாத்தியங்கள் சுமார் 3.4 × 10³⁸. நொடிக்கு 100 கோடி எண்களைச் சோதித்தாலும் முழுவதையும் முடிக்க, பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் பல ஆயிரம் கோடி முறை கழிய வேண்டும். இது போதாதென்று வூகாமர்ஸ் எண்ணோடு காலாவதி நேரத்தையும், இரண்டையும் சரிபார்க்க, அவற்றிலிருந்து கணக்கிட்ட முத்திரை போன்ற ஒரு ஹாஷையும் சேர்த்தே அனுப்புகிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் சர்வர் ஏற்காது. லாகின் செய்யாதவருக்கு அதன் வழக்கமான கெடு 2 நாள். மறுநாள் போனீர்கள், சேலை இருந்தது. அடுத்த வாரம் போயிருந்தால் சந்தேகம்தான். வேறு போனில் திறந்தால் அன்றைக்கே கூடை காலி.

விலையை மட்டும் பிரௌசரிடம் ஒருபோதும் நம்பிக் கொடுக்கக் கூடாது. ஆரம்பகாலக் கடைகள் சில, பக்கத்தின் மறைவான கட்டம் ஒன்றில் விலையை எழுதி, அது திரும்பி வந்ததை அப்படியே நம்பின. 1,200 ரூபாயை 12 ஆக்கி அனுப்பப் பெரிய படிப்பு தேவையில்லை.

பழைய தளத்தில் கடை வைக்கிறவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' போட்டு வந்தவருக்குக் கொடுத்த குக்கி, போடாமல் வரும்போது தானாகப் போகாது. பிரௌசருக்கு இரண்டும் வெவ்வேறு முகவரி. ஏதாவது ஒன்றுக்கே எல்லோரையும் திருப்பிவிடுங்கள். முகவரி என்றதும் ஞாபகம் வருகிறது: நியூமராலஜி பார்த்துத் தளத்தின் பேரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்கள் நம்மூரில் உண்டு. வாடிக்கையாளர் அந்த எழுத்தை விட்டுவிட்டுத் தட்டி, எங்கோ போய் நிற்பார். கூட்டுத்தொகை 6 வந்து என்ன பிரயோசனம்?

அதைவிட ஆபத்தானது கேஷ் (cache), அதாவது தயாராக எடுத்து வைத்த நகல். உங்கள் பழைய தளம் எல்லோருக்கும் ஒரே பக்கத்தைத்தான் காட்டியது. அதனால் தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர்கள் வேகத்துக்காக ஒருமுறை தயாரித்த பக்கத்தையே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கும்படி வைத்திருக்கலாம். கூடைப் பக்கத்துக்கும் அதே ஏற்பாடு நீடித்தால், முதலில் வந்தவரின் கூடை அடுத்து வருபவருக்குத் தெரியும். பில் போடும் பக்கம் என்றால் அவருடைய முகவரியும் போன் நம்பரும் சேர்ந்தே. கூடை, பில், 'என் கணக்கு' ஆகிய பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு போனிலும் மகன் இன்னொரு போனிலும், லாகின் செய்யாமல், பழைய குக்கி ஒட்டாத இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து, உங்கள் போனில் மட்டும் ஒரு சேலையைக் கூடையில் போட்டு, கூடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சேலை அதில் இருந்து, அதன் பிறகு மகன் போனில் திறக்கும் கூடைப் பக்கம் காலியாக இருந்தால் கடையைத் திறக்கலாம்.