விரைப் புற்றுநோய்: பரவிய பிறகும் குணமாகும் நோய்

26 வயது இளைஞர் ஒருவர் முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு என் முன்னே வந்து அமர்ந்தார். வலி எப்போது தொடங்கியது, இரவில் கூடுகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் உடன் வந்திருந்த அம்மாவே பதில் சொன்னார். பரிசோதிக்க வேண்டும், கொஞ்ச நேரம் வெளியில் இருங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திய பிறகுதான் அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி, "டாக்டர், இன்னொரு விஷயமும் இருக்கிறது" என்றார். ஐந்து மாதமாக வலது விரை கல் போல இறுகிப் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. வலி இல்லை என்பதால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதுகுவலிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தொடர்பு இருந்தது. கருவில் விரைகள் உருவாகும் இடம் விரைப்பை இல்லை. சிறுநீரகங்களுக்கு அருகில் தோன்றி, தமக்குரிய இரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு பிறப்புக்குச் சற்று முன்பாகத்தான் கீழே இறங்குகின்றன. அதனால் விரையில் தோன்றும் புற்று பரவத் தொடங்கும்போது வழக்கமாக முதலில் போய்ச் சேருவது, வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டியிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு. அவை வீங்கி அழுத்தும்போது முதுகு வலிக்கிறது. இளம் வயது ஆண் ஒருவருக்குக் காரணம் புரியாத முதுகுவலி நீடித்தால், கூச்சம் பார்க்காமல் விரைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அறுவை சிகிச்சை எந்த இடத்தில் செய்யப்படுகிறது என்பதையும் இதே உடற்கூறுதான் முடிவு செய்கிறது. விரைப்பையின் தோலிலிருந்து வடியும் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்குச் செல்கிறது. விரையிலிருந்து வடிவது வயிற்றுக்குள் செல்கிறது. புற்று என்ற ஐயம் இருக்கும்போது விரைப்பை வழியாக ஊசி குத்தியோ கீறியோ சதை எடுத்தால், இல்லாத ஒரு புதுப் பாதையை நோய்க்கு நாமே திறந்துவிட நேரும். ஆகவே அடிவயிற்றின் ஓரத்தில், தொடையிடுக்குக்கு மேலே கீறி, விந்துக் கொடியோடு சேர்த்து விரையை முழுமையாக அகற்றுவதே முறை. "முதலில் ஊசி வைத்துப் பார்த்துவிடலாமே" என்று கேட்பவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்த உறுப்பில் மட்டும் அதற்கு நான் இணங்குவதில்லை.

ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 சதவீதமே இது. ஆனால் 15 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கட்டியாகத் தோன்றும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. இவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை விந்தணுக்களை உருவாக்கும் மூல உயிரணுக்களிலிருந்து பிறப்பவை. அவற்றைச் செமினோமா என்றும் செமினோமா அல்லாதவை என்றும் இரண்டாகப் பிரிக்கிறோம். செமினோமா பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வருவது, நிதானமாக வளர்வது. இரண்டாம் வகை இன்னும் இளையவர்களுக்கு வருவது; அதன் சில வடிவங்கள் ஒரு மாதத்துக்குள்ளேயே இரு மடங்காகிவிடும். இந்த நோயின் தீவிரம் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. மற்ற சில புற்றுநோய்களில் ஓரிரு மாதத் தாமதம் சிகிச்சையின் போக்கைப் பெரிதாக மாற்றாமல் போகலாம். இங்கே அதே தாமதம், அறுவையோடு முடிந்திருக்க வேண்டிய சிகிச்சையை நான்கு சுற்றுக் கீமோதெரபி வரை இழுத்துச் சென்றுவிடும்.

அதே வேகம்தான் இந்த நோயின் பலவீனமும். விரைந்து பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்துகளுக்கு இது பணிவது போல, உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களில் மிகச் சிலவே எளிதில் பணிகின்றன. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில், உடலில் பரவிய விரைப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர் இருந்தாலே அதிகம். 1965இல் பார்னெட் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், மின்புலம் பாக்டீரியாக்களை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பிளாட்டினம் மின்முனைகளிலிருந்து கரைந்த சேர்மம் உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பதைத் தற்செயலாகக் கண்டார். அதிலிருந்து வந்த மருந்தே சிஸ்பிளாட்டின். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, நுரையீரல் முழுக்கப் பரவியிருந்த கட்டிகள் சில வாரங்களில் கரைந்தன. இன்று நாங்கள் கொடுக்கும் பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் கூட்டு அதன் நேர் வாரிசு. 1996இல் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில் கண்டறியப்பட்ட சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அறுவையாலும் சிஸ்பிளாட்டின் அடங்கிய சிகிச்சையாலும் குணமானார். பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பட்டங்களை இழந்தது வேறு கதை. மருத்துவம் பெற்ற வெற்றியை அது மாற்றிவிடாது.

முடிவைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்டேஜ் டாக்டர்?" என்பது. இந்த நோய்க்கு நான்காம் நிலை என்றே ஒன்று வகுக்கப்படவில்லை. விரையோடு நின்றிருந்தால் முதல் நிலை, வயிற்றின் பின்புறக் கணுக்களை எட்டியிருந்தால் இரண்டாம் நிலை, அதற்கு அப்பாலும் போயிருந்தால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் இருப்பவர்களையும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் நடத்துகிறோம். நாட்களை நீட்டிக்கும் நோக்கத்தோடு தொடங்குவதில்லை. பரவிய நோயில் முடிவைத் தீர்மானிப்பவை சில குறிப்பான விவரங்கள்: நோய் நுரையீரலோடு நின்றதா, கல்லீரல், எலும்பு, மூளை வரை சென்றதா, இரத்தத்தில் நோயைக் காட்டும் குறிகளான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகியவை எவ்வளவு ஏறியிருக்கின்றன, மூலக்கட்டி விரையிலா மார்புக் கூட்டின் நடுவிலா என்பவை. இந்த மூல உயிரணுக்கள் விரைக்கு வெளியிலும் அரிதாகப் புற்றாக மாறுவதுண்டு. 2012இல் சிகிச்சை முடித்து அதே ஆண்டில் மைதானத்துக்குத் திரும்பிய யுவராஜ் சிங்கின் மார்பில் இருந்தது அத்தகைய செமினோமாதான்.

இந்த விவரங்களைக் கொண்டு பரவிய நோயை நல்ல, இடைப்பட்ட, மோசமான வாய்ப்புள்ள பிரிவுகளாக வகைப்படுத்துகிறோம். 2021இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வின்படி, செமினோமா அல்லாத வகையில் ஐந்து ஆண்டுகள் கடந்து உயிரோடு இருப்பவர்கள் நல்ல பிரிவில் 96 சதவீதம், இடைப்பட்ட பிரிவில் 89, மோசமான பிரிவில் 67. செமினோமாவில் மோசமான பிரிவே கிடையாது. மற்ற இரண்டிலும் முறையே 95, 88 சதவீதம். 67 என்ற எண்ணை நான் மறைத்துப் பேசுவதில்லை. மூவரில் ஒருவரை இழக்கிறோம் என்பதே அதன் பொருள், அவர்களில் பலர் முப்பதைத் தொடாதவர்கள். ஆனால் 1997இல் இதே பிரிவு முதன்முதலில் வகுக்கப்பட்டபோது அந்த எண் 48ஆக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நோயைக் கண்டறிவதில் சிக்கல் எதுவும் இல்லை. விரைப்பை ஸ்கேன் சில நிமிட வேலை, வலிக்காது. சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த இளைஞர் என்னிடம் வருவதற்கு முன் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். தொற்று என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வீக்கம் குறையாததும் வேறொரு ஆன்டிபயாட்டிக். தொற்று என்று நினைத்ததில் தவறில்லை. அதுவே அதிகம் காணப்படுவது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடியாதபோதும் ஸ்கேன் எடுக்காமல் விட்டதுதான் தவறு. பந்து பட்டதால் கட்டி வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அடிபட்டதால் புற்று வருவதற்கு ஆதாரம் இல்லை. அடிபட்ட பிறகு தொட்டுப் பார்ப்பதால், முன்பே இருந்தது அப்போது கைக்குத் தட்டுப்படுகிறது. எச்சிஜி சுரக்கும் கட்டிகளால் மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல வீங்குவதும் உண்டு; அதை மட்டும் காட்ட வந்து நோய் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று தாங்க முடியாத வலியோடு விரை வீங்கினால் அது பெரும்பாலும் வேறு சிக்கல்: விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவைக்கு முன்பே இரத்தக் குறிகளை அளந்து வைத்துக்கொள்வது மிகவும் முக்கியம். விரையை எடுத்த பிறகு ஏஎஃப்பி 5 முதல் 7 நாளுக்கொரு முறை பாதியாகக் குறைய வேண்டும். எச்சிஜி ஒன்றரை நாளுக்குள் பாதியாக வேண்டும். அந்தக் கணக்கில் இறங்காமல் இடையில் நின்றுவிட்டால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் உடலில் எங்கோ நோய் மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்த இளைஞர் சிகிச்சைக் காலம் முழுவதும் இந்த எண்களைத் தன் நோட்டில் வரைபடமாகப் போட்டுக்கொண்டு வந்தார். கோடு தரையைத் தொட்ட நாளில் அதை என் மேசையில் விரித்து வைத்தார்.

முதல் நிலையில் உள்ளவர்களிடம் பேசுவதுதான் எனக்குச் சில நேரம் கடினமாக இருக்கிறது. விரையை எடுத்தாகிவிட்டது, குறிகள் இறங்கிவிட்டன, இனி மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றால், "சும்மா இருப்பதா?" என்று கலங்குகிறார்கள். செமினோமாவில் ஆறில் ஒருவருக்கும் மற்ற வகையில் மூவரில் ஒருவருக்கும் நோய் திரும்பலாம், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். திரும்பினாலும் அப்போது கொடுக்கும் மருந்து ஏறத்தாழ எல்லோரையும் குணப்படுத்திவிடுகிறது. அப்படியிருக்க, மருந்தே தேவைப்படாத பெரும்பான்மையினருக்கு எதற்காக நஞ்சைக் கொடுக்க வேண்டும்? குறித்த நாளில் தவறாமல் வருவார் என்று நம்பக்கூடியவருக்கு நான் கண்காணிப்பையே பரிந்துரைக்கிறேன். வரமாட்டார் என்று தோன்றினால் என் முடிவு மாறும்.

ஆண்மை பற்றிய கேள்வியை நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலானோர் கேட்க மாட்டார்கள். மற்ற விரை நலமாக இருந்தால் ஹார்மோனுக்கும் தாம்பத்தியத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் அது ஒன்றே பொதுவாகப் போதும். தோற்றத்துக்காகச் செயற்கை விரையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீமோதெரபி விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், பலருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் மீண்டாலும் சிலருக்கு மீளாது. எனவே சிகிச்சைக்கு முன், முடிந்தால் அறுவைக்கும் முன், விந்தணுக்களை உறைநிலையில் சேமித்து வைக்க வேண்டும். அந்த இளைஞர் தயங்கினார். திருமணமே ஆகவில்லை, இப்போது எதற்கு என்றார். நான் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு பேசிய இரண்டாவது உரையாடல் அது.

மருந்து முடிந்த பிறகும் வயிற்றின் பின்புறம் அவருக்கு 3 சென்டிமீட்டர் கட்டி மீதமிருந்தது. செமினோமா அல்லாத வகையில் 1 சென்டிமீட்டருக்கு மேல் எது மிஞ்சினாலும் அதை அறுவை செய்து எடுத்துவிடுகிறோம். அதில் இறந்த திசு மட்டுமே இருக்கலாம். மருந்துக்கு மசியாத, பின்னர் வளர்ந்து தொல்லை தரக்கூடிய டெரட்டோமா இருக்கலாம். பத்தில் ஒருவருக்கு உயிருள்ள புற்றே இருக்கலாம். வெளியே எடுத்துப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. அவருக்கு இருந்தது டெரட்டோமா. நீண்ட, நுணுக்கமான அறுவை அது. அடிக்கடி அதைச் செய்யும் மையங்களில் செய்துகொள்வதே நல்லது.

யாருக்கு இந்த நோய் வர வாய்ப்பு கூடுதல் என்றால், பிறந்தபோது விரை இறங்காமல் இருந்தவர்களுக்குப் பல மடங்கு கூடுதல். குழந்தைக்கு 6 மாதம் ஆகியும் விரை இறங்கவில்லை என்றால் அறுவை மருத்துவரிடம் காட்டி, ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிட வேண்டும். அண்ணனுக்கோ தம்பிக்கோ வந்திருந்தாலும், ஒரு பக்கம் ஏற்கெனவே வந்திருந்தாலும் கவனம் தேவை. மற்றவர்கள் எல்லோரும் மாதந்தோறும் சோதித்துப் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெந்நீரில் குளித்த பிறகு, தோல் தளர்ந்திருக்கும்போது, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் ஒவ்வொரு விரையையும் மெதுவாக உருட்டிப் பார்த்துத் தன் உடலில் இயல்பு எது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். பின்புறம் கயிறு போல மெத்தென்று தட்டுப்படுவது விந்துக்குழல் திரள், கட்டி அன்று. ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்குவதும் இயல்பே. விரையின் மேலேயே கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

அந்த இளைஞருக்குச் சிகிச்சை முடிந்து இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காதில் மெல்லிய இரைச்சல் ஒன்று தங்கிவிட்டது; குளிர்ந்தால் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன; இரண்டும் கீமோதெரபி விட்டுச் சென்றவை. இரத்த அழுத்தமும் கொழுப்பும் ஆண்டுதோறும் பார்க்கிறோம், ஏனென்றால் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதய நோய் சற்று முன்கூட்டியே வர வாய்ப்புண்டு. சென்ற முறை வந்தபோது, மூக்கின் உள்ளே ஒரு சிறிய அறுவை செய்துகொள்ளப் போவதாகப் போகிற போக்கில் சொன்னார். உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்த மருந்துகள், எத்தனை சுற்று, பிளியோமைசின் மொத்தம் எவ்வளவு. அந்த மருந்து பெற்ற நுரையீரலுக்கு மயக்கத்தின்போது தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பது தீங்காகலாம் என்பதால், மயக்க மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.