அனிமேவும் கார்ட்டூனும் எங்கே பிரிகின்றன?

பெரிய கண், கூரான முடி, நெற்றியில் ஒரு வியர்வைத் துளி இருந்தால் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), மற்றதெல்லாம் கார்ட்டூன் என்று சட்டென்று பிரித்துவிடுகிறோம். அந்தப் பெரிய கண்ணே அமெரிக்காவிலிருந்து போனதுதான். டிஸ்னி படங்களையும் பெட்டி பூப் என்ற அமெரிக்கக் கார்ட்டூனையும் ரசித்துப் பார்த்த ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா அதைத் தன் மங்காவுக்குள் (ஜப்பானியக் காமிக்ஸ்) கொண்டுவந்தார், பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்து வரைந்தார்கள். அதனால் முகத்தை விட்டுவிட்டுப் படம் எப்படி அசைகிறது என்று பார்ப்போம்.

திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடுகின்றன. அதற்காக 24 படம் வரைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் 12 போதும், மூன்றுக்கு வைத்தால் 8 போதும், அப்போதும் நம் மூளை அதை அசைவாகவே எடுத்துக்கொள்ளும். 22 நிமிட எபிசோடு முழுக்க ஓயாமல் அசைகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 24 என்றால் 31,680 படம், 8 என்றால் 10,560. வாராவாரம் டிவிக்குக் கொடுக்கவேண்டியவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

இந்தச் சிக்கனம் ஜப்பான்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 1950களின் கடைசியிலேயே அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனம் இதைச் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய யோகி கரடிக்கு எதற்குக் கழுத்தில் காலரும் டையும்? தலை ஒரு செல்லுலாய்டு தாளில், உடம்பு இன்னொரு தாளில். பேசும்போது தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைவார்கள், உடம்பு அப்படியே இருக்கும், இரண்டும் சேருகிற கோடு காலருக்குள் மறைந்துவிடும். 1963 ஜனவரி 1 அன்று ஆஸ்ட்ரோ பாய் தொடரைத் தொடங்கிய தெசுகா, அந்த வழியிலேயே இன்னும் தூரம் போனார்: மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், அசையாத படத்தின் மேல் நகரும் கேமரா, ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவது.

மிச்சம் பிடித்த படங்களை எங்கே செலவழிப்பது என்பதில்தான் ரசனை பிரிந்தது. டிஸ்னி வழியில் சும்மா நிற்கிற ஆள்கூட தோளை ஆட்டி, எடையை மாற்றி, ஏதாவது அசைந்துகொண்டே இருப்பார். அனிமேயில் ஒரு வாள்சண்டையைப் பாருங்கள். இருவரும் சிலையாக நிற்பார்கள், முடியும் உடையும் மட்டும் காற்றில் ஆடும், அப்புறம் வாள் இறங்குகிற அரை விநாடியில் ஃபிரேமுக்கு ஒரு படமாகக் கொட்டித் தீர்ப்பார்கள். யூடியூபில் நிறுத்திவிட்டு, கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டித் தட்டி நகர்த்தினால் இது கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்த வேகமாற்றம்தான் அனிமேயின் பெரிய அழகு.

இன்னொரு வித்தியாசம் வாயில் இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் குரலைப் பதிவு செய்வார்கள், பிறகு எழுத்து எழுத்தாகக் கேட்டு அதற்கேற்ப உதட்டை வரைவார்கள். அனிமேயில் பெரும்பாலும் படம் முந்தி, குரல் பிந்தி. அதனால் மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய் என்று மூன்றே வடிவங்களில் வேலை முடிந்துவிடும். ஷின்-சான் தமிழில் பேசும்போது உறுத்தாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். 1988இல் வந்த அகிரா மாதிரி குரலை முதலில் பதிவு செய்த ஜப்பானியப் படங்களும் உண்டு.

வேலையைப் பிரிக்கும் விதமும் வேறு. டிஸ்னியின் பெரிய படங்களில் ஒரு பாத்திரத்துக்கு ஒரு தலைமை ஓவியர் இருப்பார். ஜப்பானில் ஒரு ஷாட்டை ஒருவரிடம் கொடுத்தால் அதில் வருகிற ஆள், புகை, வெடிப்பு எல்லாமே பெரும்பாலும் அவர் கைவேலைதான். "இந்த ஷாட்டை வரைந்தது இன்னார்" என்று தீவிர ரசிகர்கள் அடித்துச் சொல்வது அதனால்தான்.

சரி, இதை வைத்து இரண்டும் வேறு வேறு கலை என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1980களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அமெரிக்கத் தொடர், ஆனால் அதில் பெரும்பகுதியை அசையவைத்தது ஜப்பானின் தோயி ஸ்டுடியோ. 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூனின் சில எபிசோடுகளை வரைந்தது டோக்கியோவின் டிஎம்எஸ் ஸ்டுடியோ. 2018இல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் என்ற அமெரிக்கப் படத்தில், இன்னும் பழகாத ஸ்பைடர்மேனான மைல்ஸ் விநாடிக்கு 12 படத்திலும், தேர்ந்த ஸ்பைடர்மேனான பீட்டர் 24 படத்திலும் ஒரே ஷாட்டில் பக்கத்தில் பக்கத்தில் தாவுகிறார்கள்.